கம்பெனி இல்லாத சீமாட்டி

பழைய ஆங்கிலக் கதைகளில் யாருமே வேலைக்குப் போவதில்லை. காலையில் எழுந்து தேநீர் குடிக்கிறார்கள். கடிதம் வருகிறது. அதைப் படித்துவிட்டு ஒருவர் மயங்கி விழுகிறார். மழையில் நடக்கப் போன இன்னொருவர் காய்ச்சலில் படுக்கிறார். மறுபடி தேநீர் வருகிறது. அந்தப் பாத்திரத்தையெல்லாம் கழுவுவது யார் என்று கடைசிவரை சொல்லமாட்டார்கள்.

நான் படித்தது என்னவோ ஒரே ஒரு கதைதான். அதற்கே இவ்வளவு பேசுகிறேன்.

ஏழாம் வகுப்பில் எங்களுக்குப் பத்மாசினி மிஸ்தான் ஆங்கிலம். நூலகத்தில் ஆளுக்கொரு ஆங்கிலப் புத்தகம் எடுத்துப் படித்து, வெள்ளிக்கிழமை வகுப்பில் தமிழில் கதை சொல்ல வேண்டும் என்றார். என் கெட்ட நேரம், இருப்பதிலேயே குண்டான புத்தகம் என் கையில் மாட்டியது. அட்டை கிழிந்து, பெயரும் அதோடு போயிருந்தது. தெரிந்த சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு தாவித் தாவிப் படித்தேன். போகப் போகத்தான் நிம்மதி வந்தது. அதில் வரும் சீமாட்டிக்கும் வேலை இருந்தது.

நாங்கள் குடியிருப்பது கம்பெனிகள் நிறைந்த இருங்காட்டுக்கோட்டையில், ஒரு லைன் வீட்டில். வரிசையாக அறைகள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். எங்கள் பக்கத்து அறையில் இருப்பவள் நாச்சியார். என் வகுப்புதான்.

அவள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். வந்த புதிதில் என் தோழி ஸௌம்யாவிடம், “ஏட்டி, ரப்பர் தாயேன்” என்று கேட்டுவிட்டாள். அவள் ஊரில் தோழியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்களுக்கு ஏட்டு என்றால் போலீஸ்.

“இன்னா ஏட்டம்மா, லத்தி எங்க?” என்று ஜோயல் ஆரம்பித்தான். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். அவள் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள், தனியாகச் சாப்பிட்டாள், தனியாக வீட்டுக்குப் போனாள். போதாக்குறைக்கு அவள் அப்பாவையும் கம்பெனியில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

“திங்கக்கெழம நான் பள்ளிக்கூடத்துக்குப் போவ மாட்டேம்மா. என்னைய ஊர்ல சித்தி வீட்லயே விட்டுருங்க. இங்க எனக்கு ஒருத்தரும் இல்ல.”

நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினேன். நான் அவளை ஏட்டம்மா என்று கூப்பிட்டதில்லைதான். ஆனால் நாச்சியார் என்றும் கூப்பிட்டதில்லை.

வெள்ளிக்கிழமை என் முறை வந்தது.

“அந்தச் சீமாட்டி எழுந்ததும் ஷிஃப்ட் போட்டாங்க” என்று ஆரம்பித்தேன்.

“ஃபர்ஸ்ட் ஷிஃப்டா?” என்றாள் ஸௌம்யா.

“விடியக்காலைல போட்டாங்க. அப்போ ஃபர்ஸ்ட்தான்.”

“ஓ.டி. உண்டா?” என்றான் ஜோயல்.

“புக்குல போடலை. அவங்களைக் கட்டிக்கப் போறவரு ரொம்ப நீளமான லைன்ல இருந்து வந்தவராம்.”

வகுப்பே மரியாதையாகத் தலையாட்டியது. எங்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது கம்பெனியில் பாகம் பூட்டும் லைனில் நிற்கிறார்கள். நீளமான லைன் என்றால் பெரிய கம்பெனி. பத்மாசினி மிஸ் மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

“அப்புறம் அவரு கப்பல்ல போய்ட்டாரு. சீமாட்டி ஜன்னல்கிட்ட உக்காந்து அழுதாங்க. எனக்குக் கம்பெனி இல்லை, கம்பெனி இல்லைன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. கம்பெனி போனால் வீடு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

“பொறவு அந்தம்மாவுக்குக் கம்பெனி கெடச்சுதா?”

கடைசி பெஞ்சில் நாச்சியார் எழுந்து நின்றிருந்தாள். “பொறவு” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்த ஜோயல், மிஸ் பார்த்த பார்வையில் அடங்கினான்.

மிஸ் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

“நிலா, ஷிஃப்ட்னா அந்தக் காலத்துப் பெண்கள் உள்ளே போட்டுக்கிற அங்கி. லைன்னா இங்கே பரம்பரை. கம்பெனின்னா வேலை இல்லைம்மா. கூட இருக்க ஆள். துணை.”

இப்போது சிரித்தார்கள் பாருங்கள். சீமாட்டியை உள்ளங்கியோடு வேலைக்கு அனுப்பிய எனக்குக் காது இரண்டும் சுட்டது. நாச்சியார் மட்டும் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை.

“சரி மிஸ். அந்தத் தொணையாவது கெடச்சுதா?”

மிஸ் என்னைப் பார்த்தார். கடைசிப் பக்கம் எனக்குத் தெரியும். கிடைத்தது என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் பொய் வரவில்லை.

“கிடைக்கலை, நாச்சியார்” என்றேன். அவள் பெயரை அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன். “கடைசிவரைக்கும் ஜன்னல்கிட்டயே இருந்தாங்க. காய்ச்சல் வந்து செத்தும் போய்ட்டாங்க. அவங்க வூடு ரொம்பப் பெருசு. பக்கத்து வூட்டுக்குப் போகணும்னா குதிரை வண்டி கட்டணும். நம்மள மாதிரி லைன் வூடா இருந்தா செவுத்தைத் தட்டியிருக்கலாம். பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்கும்.”

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. நாச்சியார் தட்டாமலே எனக்குக் கேட்டதே.

பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனேன்.

“கொஞ்சம் தள்ளிக்கோ.”

அவள் தள்ளி உட்கார்ந்தாள்.

மதியம் ஸௌம்யா, “என்னை மட்டும் தனியா விட்டுட்டு வந்துட்டியே” என்று முணுமுணுத்தபடி தன் தட்டோடு வந்து சேர்ந்தாள். சாயங்காலம் நானும் நாச்சியாரும் ஒன்றாகவே வீட்டுக்கு நடந்தோம். சீமாட்டி ஏன் ஒரு நாள்கூடப் பாத்திரம் கழுவவில்லை என்று பேசிக்கொண்டு போனோம். திங்கட்கிழமையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அறை வாசலில், ஊருக்குப் போகக் கட்டியது போல ஒரு துணிப்பை இருந்தது. அவள் அப்பாவுக்கு இன்னும் கம்பெனி கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சத்தம் போடாமல் தலை பின்னிக்கொண்டே சுவரைப் பார்த்தேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. ஊருக்குப் போய்விட்டாள் போல என்று நினைத்தேன். பின்னல் கோணலாகப் போயிற்று.

டொக், டொக்.

“ஏட்டி நிலா, கெளம்பிட்டியா?”

நானும் சுவரைத் தட்டினேன்.

“இதோ வந்துட்டேன், ஏட்டி.”