பீக்கரில் வளர்ந்த ரேகை

அனுப்பிரியாவின் வலக்கைச் சுட்டுவிரலை வருகைப்பதிவு இயந்திரம் அன்று காலை ஏற்க மறுத்தது. துப்பட்டாவில் துடைத்து மீண்டும் வைத்தாள். சிவப்பு விளக்கே எரிந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, உங்கூரு பெருமாட்டித் தோப்புல தேங்கா உரிச்சே ரேகை தேஞ்சு போச்சுங்களா?" என்றான் பின்னால் நின்ற சக ஆய்வாளன் ஃபைஸ்.

"இன்னும் டாக்டர் ஆகலீங்க. அந்தப் படிகம் வளந்தாத்தான் ஆவேன்."

அது வெறும் பேச்சன்று. மாத இறுதிக்குள் ஓர் ஒற்றைப் படிகத்தை எக்ஸ்-கதிர் ஆய்வுக்கு அனுப்பாவிடில் அவளது முனைவர் பட்ட ஆய்வுப் பதிவு காலாவதியாகிவிடும். ஆல்டிஹைடும் அமீனும் இணைந்து உண்டாகும் ஷிஃப் காரம் என்னும் மஞ்சள் நிறச் சேர்மம், தாமிரத்தையும் துத்தநாகத்தையும் ஒரே மூலக்கூறில் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றிக்கொண்டது, ஆயினும் ஒவ்வொரு முறையும் பச்சைத் தூளாகவே படிந்தது. சென்ற வாரம் பீக்கரிலிருந்த கரைசலுக்குள் விழுந்த மூடித்தாளை எடுக்கும் அவசரத்தில், கையுறையின்றி அந்தச் சுட்டுவிரலை நனைத்துவிட்டாள். தோலின் புரதத்திலும் அமீன் உண்டென்பதை அறிந்தவள்தான். விரல்நுனி மஞ்சளாயிற்று, எத்தனை கழுவியும் போகவில்லை.

மாலையில் ஆய்வகத்தில் அவள் மட்டுமே இருந்தாள். கணவாய்க் காற்று வெளியே தென்னோலைகளைச் சுவரோடு தேய்த்துக்கொண்டிருக்க, கசப்புப் பாதாமை ஒத்த ஆல்டிஹைடின் நெடி வழக்கத்தைவிட அடர்ந்து தொண்டையில் இறங்க, அவள் அதே பீக்கரின் மூடித்தாளை மெல்ல விலக்கினாள். அடியில் பச்சை நிறத்தில் ஒரு படிகம் மின்னியது. மகிழ்ச்சியில் கண்கள் கலங்கின.

அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள்.

படிகத்தின் மேற்பரப்பில் வளைவளைவாகக் கோடுகள். அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஒரு தழும்பு. சிறுவயதில் அரிவாள் பட்ட தழும்பு. அவளுடையது.

விரலைப் பார்த்தாள். தழும்பு இல்லை. கோடுகளும் இல்லை. மற்ற விரல்களும் வழவழப்பாக இருந்தன.

படிகத்தைப் பீக்கருக்குள்ளேயே போட்டாள். உள்ளே இப்போது ஐந்து படிகங்கள் கிடந்தன. அவற்றுக்குக் கீழே உள்ளங்கையளவில் ஏதோ திரண்டுகொண்டிருந்தது.

கழுவுதொட்டிக்கு ஓடினாள். தேய்த்தாள். வலிக்கவில்லை. எதுவுமே உறைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கண்ணாடி உராயும் ஓசை. கதவு சாத்தப்படும் ஓசை.

திரும்பினாள். பீக்கர் காலி. ஒரு துளி கரைசல்கூட இல்லை.

தாழ்வாரத்தில் இயந்திரம் ஒலித்தது. "தேங்க் யூ."

"இப்பப் பாருங்க, விரலை எடுத்துக்குச்சே." ஃபைஸின் குரல். "கெளம்பலாங்களா டாக்டரம்மா? கோபாலபுரம் பஸ்சு போயிருமுங்க."

அவன் குரல் சட்டெனத் தாழ்ந்தது.

"கை ஏனுங்க இப்படி ஈரமா இருக்கு?"

இரண்டு பேரின் காலடிகள் படியிறங்கின.

உள்ளே அனுப்பிரியா கத்த முயன்றாள். குரல் எழவில்லை. கதவின் கைப்பிடியைப் பற்றினாள்.

கண்ணாடி இரும்பில் மோதும் ஒலி.

கைப்பிடியின் மேல் அவளது ஐந்து விரல்கள். பச்சை. பட்டை தீட்டியதுபோல் கூர்மையான விளிம்புகள். அவற்றின் ஊடாகக் கதவிடுக்கில் கசிந்த தாழ்வார வெளிச்சம் தெரிந்தது.