பேச்சுக்குழாய்

முன்னிருக்கையிலிருந்து நாற்றம் வந்தது. பெட்ரோல், துணி இறக்கையில் பூசிய வார்னிஷ், வெயிலில் காய்ந்த தோல் என்று அந்த விமானத்துக்கே உரிய வாசனைகள் எல்லாம் ரோசரிக்கு இந்த ஒரு வருஷத்தில் பழகிப்போனவை. இது அவற்றில் எதுவும் இல்லை. கசாப்புக் கடையைச் சாயங்காலம் கழுவிவிட்ட பிறகு சாக்கடையோரம் தங்கி நிற்குமே, அப்படி ஒரு தித்திப்பான நாற்றம்.

"எலி ஏதும் செத்துக் கிடக்குதா, வீரமலை அண்ணே?"

மெக்கானிக் வீரமலை மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அடிப்பலகை வரைக்கும் கழட்டிப் பாத்துட்டேம்மா. ஒண்ணும் இல்ல. போன வாரம் ரெங்கராஜ் தம்பி ஓட்டிட்டு வந்ததுலேருந்து இப்படித்தான் இருக்கு."

ரெங்கராஜ் அதற்குப் பிறகு பயிற்சிக்கு வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்றார்கள்.

மேலப்புதூர் வாத்தியார் அற்புதசாமியின் மகள் ரோசரி. அந்த வருஷம் திருச்சி மைதானத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரே பெண். இன்று தனியாக மணப்பாறை வரை போய்த் திரும்பிவிட்டால் லைசென்ஸ் கைக்கு வந்துவிடும். நாற்றம் என்று இறங்கினால் கூட இருக்கும் பையன்கள் ஆயுசுக்கும் சிரிப்பார்கள். பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

பயிற்சியாளர் பஷீர் அகமது இறக்கைமேல் நின்று மேப்பில் விரல் வைத்தார். மணப்பாறைக்குத் தென்மேற்கே சிவப்பு மையில் ஒரு கோடு. "ரயில் ரோட்ட விடாம பிடிச்சுக்க. இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் போயிடாதம்மா. தை மாசக் காத்து தள்ளிவிடும்."

"அங்க மிலிட்டரி இருக்கா சார்?"

"மிலிட்டரிக்காரங்களும் அங்க போறதில்ல." மேப்பை மடித்து அவளிடம் நீட்டினார்.

முன்னிருக்கையில் உட்காரும் பயிற்சியாளரின் குரலைப் பின்னால் இருப்பவர் காதுக்குக் கொண்டுவர அந்த விமானத்தில் ஒரு ரப்பர் குழாய் உண்டு. தனியாகப் போகிறவருக்கு அது தேவையில்லை. ரோசரி பழக்கத்தில் அதைத் தன் தோல்தொப்பியின் இரண்டு காதுகளிலும் மாட்டிக்கொண்டாள்.

மேலே போனதும் காற்று நாற்றத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. மலைக்கோட்டை பின்னால் சிறுத்தது. கரிப்புகையை இழுத்துக்கொண்டு ஒரு ரயில் கீழே ஊர்ந்தது. மணப்பாறையின் ஓட்டுக்கூரைகள் தெரிந்தபோது அவள் சந்தோஷத்தில் பாடக்கூடச் செய்தாள். திரும்புவதற்காக விமானத்தைச் சாய்த்தாள். அப்போதுதான் பனிமூட்டம் வந்தது. பால்போல நாலா பக்கமும் கவிந்து, இறக்கை நுனியைக்கூட மறைத்து, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்றே தெரியாமல் அவளைச் சுமந்துகொண்டு போய், ஒரு இடத்தில் சட்டென்று விலகியது.

கீழே ரயில் ரோடு இல்லை.

மரம் இல்லை, ஆட்டுத்தடம் இல்லை. சிவந்த ஈரத் தரை மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. செம்மண் அல்ல. தோலுரித்துத் தொங்கவிட்ட ஆட்டின் விலாப்பக்கம் போல வெள்ளைக் கொழுப்பு வரிவரியாக ஓடியது. விமானத்தின் நிழல் அதன்மேல் விழுந்தது. நிழல் பட்ட இடம் சிலிர்த்தது.

விமானத்தைத் திருப்பும் பிடியை ஒருபக்கமாக ஒடித்துத் திரும்பினாள். வாயில் ஏதோ வந்து மோதியது. ஈ. இவ்வளவு உயரத்தில். துப்புவதற்குள் பல்லில் நசுங்கியது. கொழகொழவென்று இனித்தது.

பிறகு காதில் சத்தம் கேட்டது.

முதலில் காற்று என்று நினைத்தாள். இல்லை. குழாய் வழியாக வந்தது. பல் இல்லாத வாய் எதையோ சப்பிச் சப்பித் தின்னும் சத்தம். நடுவில் ஒரு மூச்சு. சூடாக, ஈரமாக, அதே நாற்றத்தோடு அவள் காதுக்குள் ஊதியது.

முன்னிருக்கை காலி. இங்கிருந்தே தெரிந்தது. காலி.

"யாரு?" என்றாள்.

சப்புவது நின்றது. அது அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு கையாலும் பிடியை இறுக்கிக்கொண்டாள். ஒரு கையை எடுத்தால் விமானம் அந்தச் சிவப்பை நோக்கியே சாய்ந்தது. காதில் கதகதப்பாக ஏதோ வடிந்து, கழுத்தில் இறங்கி, சட்டைக்குள் போனது. துடைக்க முடியவில்லை. மரியே, மரியே என்று முனகினாள். ரயில் ரோடு வந்தது. மலைக்கோட்டை வந்தது. மைதானம். சக்கரம் தரையில் குதித்து ஓடி நின்றது.

பஷீர் அகமது ஓடிவந்தார். பாதி தூரத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். "கோட்டத் தாண்டினியா?"

"சார், இத கழட்டுங்க. காதுலேருந்து வரமாட்டேங்குது."

அவர் இறக்கைமேல் ஏறி, தொப்பியின் காதில் கைவைத்தார். உடனே கையை இழுத்துக்கொண்டார். விரல்களைப் பார்த்தார். மஞ்சள் நூலாக இழுபட்டது.

"யா அல்லாஹ்," என்றார் மெதுவாக. "கதகதன்னு இருக்கு. துடிக்குது."

"பிச்சு எடுங்க சார்."

கண்ணை மூடிக்கொண்டு குழாயைப் பிடித்து இழுத்தார். அவருடைய நகம் பதிந்தது ரப்பரில். வலித்தது ரோசரிக்கு. முழங்கையில் கிள்ளியதுபோல அத்தனை துல்லியமாக. ரப்பர் கிழிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

அவள் அலறவில்லை. அலற மூச்சு எடுத்தபோது, மூச்சு காதுவழியே குழாய்க்குள் போனது.

காலி இருக்கையில், குழாயின் அந்த முனையில், எதுவோ மெல்ல உறிஞ்சத் தொடங்கியிருந்தது.