ஒரு நட்சத்திரம் குறைகிறது

நித்யஸ்ரீயின் கண்கள் திறந்தே இருந்தன.

அன்னூர் ரோட்டோரம், வாய்க்காலுக்கு இரண்டடி முன்னால் கிடந்தாள். அவளுடைய சைக்கிளின் பின்சக்கரம் இன்னும் சுற்றிக் கொண்டிருந்தது.

1997. ஜூன் பதினாலு. காலை ஆறு மணி பத்து நிமிஷம்.

காலேஜ் இரண்டாம் வருஷம். ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வந்தவள்.

நூறடி பின்னால் பால் கேன்களோடு வந்து கொண்டிருந்த சின்னான் எல்லாவற்றையும் பார்த்தார்.

கப்பல் மாதிரி ஒரு கறுப்புக் கார். நின்றது. ஒருத்தன் இறங்கினான். குனிந்தான்.

பெண்ணைத் தூக்கப் போகிறான் என்று சின்னான் நினைத்தார்.

அவன் பம்பரைத் தடவிப் பார்த்தான்.

ஏறினான்... போய்விட்டான்!

அதற்கப்புறம் அவளுக்கு நாற்பது நிமிஷம் உயிர் இருந்தது. "அந்தக் கார்லயே ஏத்திட்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், எதிரே நின்ற அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமல் போய்விட்டார்.

அப்பா காளிச்சாமி. பத்து ஏக்கர் தோட்டம், வாழை, நாலு ஜோடி மாடு. அம்மா செல்லாத்தாள். ஒரே மகள்.

இன்ஸ்பெக்டர் சின்னானை விசாரித்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்தாயா என்றார்.

"புள்ளையத்தானுங்க பாத்தேன்" என்றார் சின்னான்.

ஃபைல் அங்கேயே படுத்துவிட்டது.

மூன்றாம் நாள், மகள் விழுந்த இடத்தில் பால் தெளிக்கப் போன செல்லாத்தாளின் காலில் ஏதோ குத்தியது. வாய்க்கால் சேற்றில் விரலை விட்டு எடுத்தாள்.

ஒரு வளையம். அதற்குள் மூன்று கால் நட்சத்திரம். அதில் ஒரு கால் வளைந்திருந்தது.

ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். இன்ஸ்பெக்டர் அதைத் தொடக்கூட இல்லை.

"இது பென்ஸ் காரோட வில்லைம்மா. அந்த வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாம் பெரிய மனுஷங்க. வாய்க்கால்ல கிடந்ததைக் காட்டி அவங்க வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா?"

செல்லாத்தாள் நட்சத்திரத்தை மடியில் முடிந்து கொண்டாள்.

அப்புறம் ஒரு மாசம் போனது. ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த காளிச்சாமி தலையை நிமிர்த்தினார்.

"ஏம்புள்ள... காவு வாங்கின வண்டிய எவனாச்சும் ஊட்டுல வெச்சிருப்பானா?"

"மாட்டானுங்க. வித்துப்போடுவான்."

"அப்ப விக்கிற எடத்துக்குப் போலாம். வாங்கறவங்களாட்டப் போலாம்."

*

கோவை. அவிநாசி ரோடு. ஸ்ரீரங்கா மோட்டார்ஸ்.

பழைய கார் விற்கிற கடைகளில் அவர்கள் ஏறியிறங்கும் நாலாவது கடை இது. மகள் போய் நாற்பத்தேழாவது நாள். காளிச்சாமி சலவை வேட்டி கட்டியிருந்தார். தோளில் பச்சைக் கரைத் துண்டு. செல்லாத்தாள் பட்டு உடுத்தியிருந்தாள். மகள் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டு.

கடைக்காரர் நரசிம்மலு ஓடி வந்து வரவேற்றார். ஐம்பது வயசு. நெற்றியில் நாமம். சிறுவாணிக்கே தண்ணீர் விற்கிற வாய்!

"வாங்ணா, வாங்க அம்மிணி. என்னங்ணா பாக்கறீங்க?"

"பெரிய காருங்க. இருக்கறதுலயே பெருசு. தோட்டத்துல ஒரு பக்கம் சைட்டு போட்டு வித்தமுங்க. ஊரு மெச்ச ஒரு வண்டி வாங்கோணும்."

"புதுசுங்களா, பழசுங்களா?"

"அதைத்தான் ரோசனை பண்ணிட்டிருக்கறமுங்க. நீங்களே சொல்லுங்க."

நரசிம்மலு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கால் மணி நேரம் பேசினார். புது வண்டிக்குப் பணத்தைக் கட்டிவிட்டு ஆறு மாசம் வானத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் இவர்கள் கேட்கிற பெரிய மாடல் கடல் தாண்டி வர வேண்டும். வந்தாலும் முதல் கீறல் விழுகிற அன்றைக்கு வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கும்.

அந்த வார்த்தையில் செல்லாத்தாள் தலையைக் குனிந்து கொண்டாள். நரசிம்மலு கவனிக்கவில்லை.

"பழசுன்னா அந்த நட்டத்தையெல்லாம் எவனோ ஒருத்தன் சொமந்தாச்சுங்ணா. நீங்க சொகத்த மட்டும் சொமந்தாப் போதும். பழகின மாடு மாதிரி."

"பழகின மாடுதானுங்க. ஆனா முட்டற மாடான்னு பாக்கோணுமில்லீங்க?"

நரசிம்மலு தொடையைத் தட்டிச் சிரித்தார். அவருடைய அப்பா மாட்டுச் சந்தையில் தரகராம். இன்றைக்கும் பெரிய பார்ட்டி வந்தால் இவரும் அப்பா மாதிரி துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவாராம்.

"அப்பத்தானுங்ணா கைராசி வரும்" என்றபடி பின்பக்க ஷெட்டுக்குக் கூட்டிப் போனார். மேலே கிடந்த துணியை உருவினார்.

கறுப்பு பென்ஸ்.

கப்பல் மாதிரி நின்றது!

"நாலு வருஷ வண்டி. சிங்கிள் ஓனர். டாக்டர் ஊசி புடிக்கற மாதிரி புடிச்சு ஓட்டியிருக்காருங்ணா. பீளமேட்டுல மில்லு வெச்சிருக்கற கிருபாசங்கர் வண்டி."

செல்லாத்தாள் வண்டியின் முகப்புக்குப் போனாள். பானெட்டின் கறுப்பில் நாலு வருஷ வெயில் தெரிந்தது. அதன் நுனியில் நின்ற நட்சத்திரத்தில் மட்டும் ஒரு தூசு இல்லை. நேற்றுப் பிறந்த மாதிரி மின்னியது.

அவள் கை தானாக மடிக்குப் போனது.

காளிச்சாமி அதைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக் கொண்டார்.

"வில்லை மட்டும் புதுசா இருக்குதுங்களே?"

"ஓனரே மாத்திக் குடுத்துட்டாருங்ணா. வண்டி இங்க வரும்போதே இப்படித்தான் வந்துச்சு."

"எதுக்கு விக்கறாரு?"

"பெரிய எடம்... நாம எதுக்குங்ணா அதையெல்லாம் நோண்டிக்கிட்டு?"

கிடைத்துவிட்டான்! பீளமேடு, மில்லு, கிருபாசங்கர்... காளிச்சாமியின் நெஞ்சுக்குள் அந்தப் பெயர் சம்மட்டி மாதிரி இறங்கியது.

குரலை மட்டும் மாற்றாமல் பேசினார்.

"வண்டி புடிச்சிருக்குதுங்க. ஆனா எங்க பக்கத்துல ஒரு மொறை இருக்குது. ஓனர் நேர்ல வரோணும். இந்த வண்டி ஒரு உசுரையும் வாங்கலைன்னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணோணும்."

நரசிம்மலுவின் சிரிப்பு அரை வினாடி நின்று, மறுபடி ஓடியது.

"அவரு படிச்ச மனுஷருங்ணா. இதுக்கெல்லாம் வருவாரா..."

"அப்பச் சரிங்க. புதுசே பாத்துக்கறோம். வா புள்ள."

காளிச்சாமி திரும்பி நடந்தார். ஒன்று... இரண்டு... மூன்று அடி.

தரகு கைநழுவுவதை எந்தத் தரகன் பொறுப்பான்?

"இருங்ணா, இருங்க. ஃபோன் போட்டுப் பாக்கறேன்."

*

அரை மணியில் கிருபாசங்கர் வந்தான். முப்பது வயசு. அப்பா காலத்து அம்பாசிடரில் வந்து இறங்கினான். கும்பிட்டான். சத்தியம் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் கோபப்படவில்லை. தன் அப்பத்தா இருந்தால் அவளும் இதைத்தான் கேட்டிருப்பாள் என்றான்.

ஸ்டூலின் மேல் பித்தளைத் தட்டு. தட்டில் சூடம் எரிந்தது.

"தம்பி... பொய்ச் சத்தியம் பண்ணுனா குலம் தழைக்காதும்பாங்க. தெரியுமுங்களா?" என்றார் காளிச்சாமி.

"தெரியுமுங்க."

"அப்ப அணைங்க."

செல்லாத்தாள் அவன் கையையே பார்த்தாள். இந்தக் கைதான் ஸ்டியரிங்கைப் பிடித்ததா? இந்தக் கைதான் பம்பரைத் தடவியதா?

கிருபாசங்கர் உள்ளங்கையைத் தட்டின்மேல் வைத்து அழுத்தினான். சுடர் அணைந்தது. கை நடுங்கவில்லை.

"என்ற கையில இருந்த வரைக்கும் இந்த வண்டி ஒரு கோழியக்கூட அடிச்சதில்லீங்க. புதுசு ஒண்ணுக்குச் சொல்லியிருக்கேன். அதனாலதான் இதைக் குடுக்கறேன்."



பொய் சொல்கிறவன் கையைக் காளிச்சாமி ஆயிரம் பார்த்திருக்கிறார். இது அந்தக் கை இல்லை.

இவனும் இல்லை... நாலாவது கடையும் முடிந்தது. நாற்பத்தேழு நாளும் வீண்.

நரசிம்மலுவுக்கோ முகமெல்லாம் பல்.

"சத்தியம் ஆச்சுங்களா? நல்ல நேரம் போறதுக்குள்ள வெலைய முடிச்சுப்போடலாம். துண்டைக் குடுங்ணா."

காளிச்சாமியின் தோளிலிருந்து அவரே துண்டை எடுத்தார். இரண்டு பேர் கைமேலும் போர்த்தினார். உள்ளே காளிச்சாமியின் விரல்களைப் பிடித்து அமுக்கினார். காளிச்சாமியும் பதிலுக்கு ஏதோ ஒரு விரலைப் பிடித்தார். மனசு அங்கே இல்லை.

கிருபாசங்கர் கடைசியாக ஒரு தரம் தன் வண்டியைச் சுற்றி வந்தான். பானெட்டைத் தடவினான். முகப்புக்கு வந்தவன்...

நின்றான்.

"ஏனுங்க... இது என்ற வண்டி நட்சத்திரமில்லீங்களே?"

துண்டுக்குள் நரசிம்மலுவின் விரல்கள் அப்படியே உறைந்தன.

"என்றதுல ஒரு கால் வளைஞ்சிருக்குமுங்க. வண்டி கழுவற ஆளு வாளிய மாட்டி இழுத்துட்டான். அதோடதான இங்க கொண்டாந்து உட்டேன்?"



செல்லாத்தாள் மடியை அவிழ்த்தாள். உள்ளே இருந்ததை எடுத்துத் தட்டில் வைத்தாள். டிங் என்று ஒரு சத்தம்.

"இதுங்களா தம்பி?"

கிருபாசங்கர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இதேதானுங்க. உங்களுக்கு எப்படி...?"

"என்ற புள்ளை அடிபட்டுக் கெடந்த எடத்துல கெடந்துதுங்க. ஜூன் பதினாலாந்தேதி."

கிருபாசங்கர் நட்சத்திரத்தைத் தட்டிலேயே வைத்தான். பையிலிருந்து பர்ஸை எடுத்தான். அதிலிருந்து மடித்த ரசீது ஒன்றைப் பிரித்தான். ஸ்ரீரங்கா மோட்டார்ஸ் என்று அச்சடித்த ரசீது.

"நான் இங்க வண்டிய உட்டது அஞ்சாந்தேதிங்க. சாவியும் அன்னைக்கே குடுத்தாச்சு."

மூன்று ஜோடிக் கண்களும் நரசிம்மலுவின் பக்கம் திரும்பின.

நரசிம்மலு கையை உருவப் பார்த்தார். முடியவில்லை! நாற்பது வருஷம் முரட்டுக் காளைகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்த கை துண்டுக்குள் இருந்தது.

"கைய உடுங்ணா..."

"வெலை இன்னும் முடியலீங்களே?"

"ட்ரையல் பாக்கத்தானுங்ணா எடுத்தேன்! மச்சான் அன்னூர்ல இருக்கறாரு, ஒரு தரம் காட்டிப்போட்டு வரலாம்னு... சைக்கிளு குறுக்க வந்துருச்சு..."

காளிச்சாமி மெதுவாகச் சொன்னார். "காவு வாங்கின வண்டி விக்கறதுக்கு வரும்னு நெனச்சேன். விக்க வந்த வண்டியே காவு வாங்கும்னு தெரியாமப் போச்சுங்க."

செல்லாத்தாள் தட்டில் இன்னொரு சூடத்தை வைத்தாள். பற்ற வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எறங்குனீங்களாமா. எறங்கி என்னத்தப் பாத்தீங்க?"

நரசிம்மலு சுடரைப் பார்த்தார்.

"அணைச்சுச் சொல்லுங்க. என்ற புள்ளையப் பாத்தீங்களா?"

அவருடைய இன்னொரு கை சும்மாதான் இருந்தது. அது சூடத்தின் பக்கமே போகவில்லை. வாய் மட்டும் உளறியது.

"அடுத்தவங்க வண்டிங்க அம்மிணி... ஒண்ணு ஆச்சுன்னா நாந்தான பதில் சொல்லோணும்..."

சூடம் தானாக எரிந்து முடிந்தது.

கிருபாசங்கர் ஆபீசுக்குள் போய் ஃபோனை எடுத்தான். மில் பெயரைச் சொன்னான். தன் பெயரைச் சொன்னான்.

பன்னிரண்டே நிமிஷத்தில் போலீஸ் ஜீப் வந்துவிட்டது!

முதலில் உள்ளூர் சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார். அவருக்குப் பின்னால், ஏதோ வேலையாகக் கோவைக்கு வந்திருந்த நம்முடைய பழைய இன்ஸ்பெக்டர். கிருபாசங்கருக்கு ஒரு விறைப்பான சல்யூட். தட்டிலிருந்த நட்சத்திரத்தைக் கைக்குட்டையால் பூப்போல எடுத்தார்.

"எவ்வளவு முக்கியமான தடயம்! இதை ஏம்மா முன்னாடியே எங்ககிட்டக் காட்டல?"

செல்லாத்தாள் அவரைப் பார்த்தாள். பார்த்துக் கொண்டே இருந்தாள். கடைசியில் அவர்தான் தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிக் கொண்டார்.

கான்ஸ்டபிள் நரசிம்மலுவை ஜீப்புக்குத் தள்ளிக் கொண்டு போனார். கதவுக்குப் பதில் ஒரு கயிறு. கிழிந்த சீட்டிலிருந்து தேங்காய் நார் எட்டிப் பார்த்தது. ஏறத் தயங்கி நின்றார் நரசிம்மலு.

காளிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டார்.

"ரோசனை பண்ணாம ஏறுங்க. பழசுதான்... ஆனா சிங்கிள் ஓனருங்க. கவர்மெண்ட்டு!"