பலகை! பலகை!

பிரபா கடைசி நொடியில் சைக்கிளை ஒடித்துத் திருப்பினாள். இல்லாவிட்டால் அவள் முன்சக்கரமும் அஷ்வினின் முன்சக்கரமும் நேருக்கு நேர் முட்டியிருக்கும். அவள் புழுதியில் விழுந்தாள். முழங்கை சிராய்த்தது. அப்பாவின் ஸ்கூட்டர் ஹெல்மெட் போட்டிருந்ததால் மண்டை தப்பியது.

சில்வெஸ்டர் விசில் ஊதினான். ஆட்டம் நின்றது.

அது 1998 கோடை விடுமுறை. ராணுவ மைதானத்தில் குதிரைமேல் போலோ ஆடுவதை வேலி வழியே பார்த்த பெங்களூர் தொம்மலூர்ப் பிள்ளைகளுக்கும் ஆசை வந்துவிட்டது. குதிரைக்கு எங்கே போவது? சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். அது புல் கேட்காது, உதைக்கவும் உதைக்காது. மூங்கில் கம்பில் கட்டையைச் செருகினால் மட்டை. காலி மனையின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு பலகைகளை நட்டால் கோல்.

ஆனால் விதிகள் கறாரானவை. மட்டையை வலது கையில்தான் பிடிக்க வேண்டும். பந்து ஓடும் பாதையில் ஒருவர் வந்தால் குறுக்கே புகக் கூடாது. இருவர் எதிரெதிரே வந்தால், இருவருமே பந்தைத் தங்கள் வலது கைப் பக்கம் விட்டு விலகிப் போக வேண்டும். ஒருவர் தப்புச் செய்தாலும் மோதல்தான். சில்வெஸ்டரின் இடது கையில் இருக்கும் மாவுக்கட்டு அப்படி வந்ததுதான். அதனால்தான் அவன் ஆடாமல் நடுவராக நிற்கிறான். மூன்று முறை ஆபத்தாக ஆடியவரை இனிமேல் சேர்ப்பதில்லை என்று விதி போட்டவனும் அவனே.

அஷ்வினுக்கு இது மூன்றாவது முறை.

"சைக்கிள எடுத்துட்டுக் கிளம்பு," என்றான் சில்வெஸ்டர்.

அஷ்வின் வேலூரிலிருந்து போன மாதம்தான் வந்தவன். பெங்களூரில் அவனுக்கு இந்தப் பிள்ளைகளை விட்டால் வேறு யாரையும் தெரியாது. உதடு துடிக்க அவன் சைக்கிளைத் தள்ளத் தொடங்கினான்.

"கத்துறதும் நீங்கதான், போனா திட்றதும் நீங்கதான்," என்று முணுமுணுத்தான்.

பிரபாவுக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. இருந்தாலும் அந்த முணுமுணுப்பு என்னவோ போல் இருந்தது. எழுந்து போய், யார் அவனைப் போகச் சொன்னது என்று கேட்டாள்.

"பசவராஜுதான். பலகை, பலகைன்னு கத்துனானே. அதான் பலகையப் பாத்துப் போனேன்." அவன் கோலைக் கை காட்டினான்.

பிரபாவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

பசவராஜு அஷ்வினுடைய அணித் தலைவன். அவன் கத்தியது கன்னடத்தில். கன்னடத்தில் 'பலகை' என்றால் வலது கை. பந்தை வலது கைப் பக்கம் விடு என்பதைத்தான் அப்படிச் சுருக்கிக் கத்துவான். தொம்மலூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. இதையும் விளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிரபா சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். சில்வெஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"இப்ப புரிஞ்சாலும் வேகத்துல மறந்துட்டான்னா? என் கையப் பாரு. யாரு அவன் எதிர்ல போவாங்க?"

பிரபாவின் அணியில் இருந்த வைஷ்ணவி மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"நான் போறேன்," என்றாள் பிரபா. சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

வேலூரில் வலது கையை என்னவென்று சொல்வார்கள் என்று அஷ்வினிடம் கேட்டாள்.

"சோத்துக்கை," என்றான் அவன் வெட்கத்தோடு.

இனி அப்படியே கத்தும்படி பசவராஜுவிடம் சொன்னாள். அவன் நாலைந்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

பந்தை நடுவில் வைத்தார்கள். அந்தப் பக்கமிருந்து அஷ்வின், இந்தப் பக்கமிருந்து பிரபா. விசில் ஒலித்தது. பிரபாவின் முழங்கை எரிந்தது. ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிந்தது. அஷ்வினின் சைக்கிள் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"பலகை!" என்று கத்தினான் பசவராஜு. பழக்கதோஷம்.

அஷ்வினின் கண்கள் பந்தை விட்டு, பிரபாவுக்குப் பின்னால் இருந்த பலகைகளுக்குத் தாவின. சைக்கிள் நேராக அவளை நோக்கி வந்தது. இப்போது ஒதுங்கினால் அவள் தப்பிக்கலாம். அஷ்வினின் ஆட்டம் அவ்வளவுதான்.

அவள் ஒதுங்கவில்லை.

"சோத்துக்கை!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

அஷ்வின் சட்டென்று ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்தான். பந்து அவன் வலது கைப் பக்கம் வந்தது. பிரபாவும் வீசினாள். அவள் மட்டை காற்றைத்தான் அடித்தது. இரண்டு சைக்கிள்களும் ஒரு சாண் இடைவெளியில் உரசாமல் கடந்தன. பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பிரபா பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தாள். பந்து இரண்டு பலகைகளுக்கும் நடுவே உருண்டு போய் நின்றது.

சில்வெஸ்டர் கட்டுப் போட்ட கையையே தூக்கி, கோல் என்று காட்டினான். அஷ்வின் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அடி ஏதும் பட்டதா என்று பிரபாவைக் கேட்டான். இல்லை என்று அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். மறுபடி சைக்கிளில் ஏறு, ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று சில்வெஸ்டர் அவனை விரட்டினான்.

வைஷ்ணவிக்கு மட்டும் தாங்கவில்லை. தங்கள் கோலிலேயே பந்து விழ வழி சொல்லிக் கொடுத்துவிட்டு இவள் சிரிக்கிறாளே!

"பிரபா, நீ எந்தப் பக்கம்டீ?"

பிரபா ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு மட்டையை உயர்த்தினாள்.

"சோத்துக்கைப் பக்கம்," என்றாள்.