காணாமல் போன இதயச் சுவர்

காலை பத்து இருபது. பெர்கன் நகரத்து மருத்துவமனை ஒன்றின் கணினித் திரையில் தோர்லைவின் இதயம் தெரிந்தது. அதன் இடப்பக்கச் சுவரைக் காணவில்லை.

தோர்லைவ், மலைகளுக்கு நடுவே புகுந்த ஃபியோர்டு என்ற கடற்கழியைக் கடக்கும் பயணிகள் படகின் கேப்டன். அந்தச் சுவர் செத்தது உண்மையானால் அவர் இனி சுக்கான் பிடிக்க முடியாது.

"ரத்த ஓட்டமே இல்ல. மத்தியானமே இதயத்துக்குக் குழாய் விட்டுப் பாத்துடலாம்," என்றார் இதய மருத்துவர் எஸ்கில்.

கதிர்க் கணக்குகளுக்குப் பொறுப்பான ராக்ன்ஹில்ட், வாயிலிருந்த வாஃபிள் பலகாரத்தை மென்று முடித்த பிறகே பேசினாள். அவசரம் அவளுக்கு ஆகாது.

"திருட்டுப் போச்சுன்னு கத்துறதுக்கு முன்னாடி, பொருள் வீட்லயே இருக்கான்னு பாப்போம்."

ஊசி மருந்து ஏறிய இதயத்திலிருந்து கதிர்கள் கிளம்பும். வழியிலுள்ள சதை அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். எங்கே சதை, எங்கே நுரையீரல் என்று ஒரு எக்ஸ்ரே படத்தில் பார்த்து, விழுங்கியதைக் கணினி ஈடுகட்டும். அவள் ஈடுகட்டுவதற்கு முந்தைய படத்தைத் திறந்தாள். மங்கல்தான். ஆனால் சுவர் முழுசாக இருந்தது.

"காவல்காரனோடயே திருடனும் உள்ள வந்திருக்கான். ஈடுகட்டினப்பதான் சுவர் காணாமப் போயிருக்கு," என்றாள்.

பத்து முப்பத்தைந்து. படமெடுத்த யோருனை விசாரித்தாள்.

"ஆடினாரா?"

"பாறை மாதிரி கெடந்தாரு."

"மூச்சு?"

"வழக்கம்போல விடுங்கன்னு சொன்னேன். எக்ஸ்ரேக்கு மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, ஆரம்பிக்கிறோம்னு கையத் தூக்கிக் காட்டினேன். ஏன், தப்பா?"

ராக்ன்ஹில்ட் எழுந்து வெளியே போனாள். காத்திருப்பு அறையில் தோர்லைவ் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி.

"வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"டியூபாங்க, ஊதுற வாத்தியம். சாயந்தரம் பேண்ட் ஒத்திகை. மே பதினேழு, தேசிய நாள் ஊர்வலம் வருதுல்ல."

"மூச்சப் பிடிச்சீங்களா?"

"இல்லையே. சும்மாதான் கெடந்தேன்."

பொய் சொல்லும் முகமல்ல அது. அவள் சிரித்துக்கொண்டே கணினி அறைக்குத் திரும்பினாள்.

"எஸ்கில், குற்றவாளி யோருனோட கை."

"உளறாத."

"பேண்ட்காரங்க முன்னாடி நடத்துறவர் கையத் தூக்கினா என்ன செய்வாங்க? நெஞ்சு நெறைய மூச்ச இழுப்பாங்க. தோர்லைவும் இழுத்திருக்காரு, அது அவருக்கே தெரியாது. நுரையீரல் உப்பி, இதயம் கீழ எறங்கிடுச்சு. எக்ஸ்ரேல, சுவர் இருக்க வேண்டிய எடத்துல காத்துப்பை. காத்து என்னத்த விழுங்கிடப் போகுதுன்னு கணினி அங்க மட்டும் ஈடு குடுக்கல. மத்த பக்கத்துக்கெல்லாம் வாரிக் குடுத்துச்சு. ஓரவஞ்சனை."

"நிரூபி."

எக்ஸ்ரேயை மட்டும் மறுபடி எடுத்தார்கள். யோருன் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு, முழங்கையால் பொத்தானை அழுத்தினாள். புதிய கணக்கில் சுவர் நல்ல பிள்ளையாகத் தன் இடத்தில் நின்றது. எஸ்கில் குழாய்க்கான ஏற்பாட்டை ரத்து செய்துவிட்டு, மிச்சமிருந்த வாஃபிளை எடுத்துக் கடித்தார்.

"அப்போ நாளைக்குப் படகு எடுக்கலாமா?" என்று கேட்டார் தோர்லைவ்.

"தாராளமா எடுங்க," என்றார் எஸ்கில்.

தோர்லைவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டியூபாவைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். வழியனுப்ப யோருன் கையை உயர்த்தினாள்.

அவர் நெஞ்சு மெல்ல உப்பியது.