நடுக்கூடையில் ஒரு பொந்து

நேற்றுப் பின்னேரம் கல் வைத்து அடைத்த இடத்தில், காலையில் மறுபடியும் அதே பொந்து.

சிவரூபன் வீட்டை ஒட்டிய கற்குழிக்குள் இறங்கி நின்று பார்த்தான். ஐந்து கம்பிவலைக் கூடைகளை வரிசையாக நிறுத்தி, உள்ளே கல் நிரப்பி, அவன் தன் கையாலேயே கட்டிய நெஞ்சளவு அணை அது. நான்கு கூடைகளில் கல் இடுக்கில்லாமல் இறுகி இருந்தது. நடுக்கூடையில் மட்டும், வலைக்குப் பின்னால் நாலு விரல் அகலத்துக்கு ஓர் இருட்டு. அங்கே வைத்த கல், வலைக்கண்ணை விட இரண்டு மடங்கு பெரியது. வெளியே விழ வழியே இல்லை. கம்பி அறவில்லை. சுற்றியிருந்த கற்களும் அசையவில்லை.

“சனியன்,” என்றான், பல்லைக் கடித்தபடி.

கோபம் கல்லில் இல்லை. கல்லைத் தோண்டியவனில்.

தகப்பன் இரண்டாகப் பிரித்துக் கொடுத்த சண்டிலிப்பாய்க் காணி. அண்ணன் சுரேஸ் தன் பாதியில் சுண்ணாம்புக்கல் தோண்டினான். உழவு இயந்திரப் பெட்டி பெட்டியாகக் கல் போனது. எல்லை வரைக்கும் தோண்டி, பிறகு எல்லையையும் தோண்டி, சிவரூபனின் தோடை மரத்தை விழுத்தி, குசினிச் சுவருக்கு நாலடி தூரத்தில் வந்து நின்றான். அன்றோடு கதை பேச்சு நின்றது. இன்றைக்குப் பதினொரு வருடம். போன மாரியில் கரை சரிந்து அவன் மேலேயே விழுந்தபோது ஊரே திரண்டு வந்து கல்லைப் புரட்டியது. சிவரூபன் குசினிக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தான். கல் நெம்பும் அலவாங்கு கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. செத்தவீட்டுக்கும் போகவில்லை. கூடப்பிறந்தவன் வாய்க்கரிசி போடாமலே சுரேஸ் சுடலைக்குப் போனான்.

இந்த மாரிக்குக் குசினிச் சுவர் வெடித்தது. வெடிப்புக்குள் விரல் போனது. மழை விடட்டும் என்றார்கள் மேசன்மார். விடுகிற மழையா அது? சிவரூபன் யூடியூப்பில் பார்த்து, யாழ்ப்பாணத்தில் வலை வாங்கி வந்து, தானே இறங்கிவிட்டான். கல்லுக்கு அலையவில்லை. குழிக்குள் குவிந்து கிடந்தது, அண்ணனை மூடிய கல்.

“அந்தக் குவியலிலை கை வைக்காதேங்கோ,” என்றாள் மனைவி ஆரபி.

“ஏன், அவன்ரை பேரே எழுதிக் கிடக்கு? என்ரை காணியிலை கிண்டின கல். என்ரை குசினியைத் தாங்கட்டும்.”

“மனிசன் போய் ஒரு வருசமாகுது. இன்னும் அவன், உவன். அண்டைக்கு ஒரு பிடி அரிசி போட்டிருந்தா உங்கடை கை தேஞ்சு போயிருக்குமோ?”

அவன் குவியலில் கை வைத்தான். கல்லைக் கூடைக்குள் எறிந்தான்.

எறிந்ததுதான் பிழை என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டான். முன்வலையையும் பின்வலையையும் இழுத்துப் பிடிக்கிற குறுக்குக் கம்பியை, ஆத்திரத்தில், நடுக்கூடைக்குப் போட மறந்திருந்தான். அதுதான் கூடை வயிறு தள்ளி நிற்கிறது, அதுதான் கல் இறங்குகிறது. வேறென்ன? குறட்டால் மூடியை அவிழ்த்து, பாதிக் கல்லை வெளியே எடுத்து, குறுக்குக் கம்பி கட்டி, ஒவ்வொரு கல்லாகக் கையால் அடுக்கி முடிக்கையில் மழை இருண்டுகொண்டு வந்தது. பொந்து இருந்த இடத்தில் கடைசிக் கல்லை இறுக்கினான். மூடியை முறுக்கினான். மண்வெட்டியைக் கழுவக் குனிந்தான்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். காய்ந்த தொண்டை எதையோ விழுங்குகிற சத்தம்.

திரும்பினான்.

பொந்து.

அதற்குள்ளிருந்து ஈரச் சுருட்டு மணந்தது. இந்த வீட்டில் யாரும் சுருட்டுப் பிடிப்பதில்லை. பிடித்தவன் ஒருவன்தான். எல்லையில் நின்று, இந்தப் பக்கம் புகை விட்டுவிட்டுச் சிரிப்பவன்.

மேலே குசினியில் தட்டுகள் சரிந்து விழுந்தன. “இஞ்சேருங்கோ, சுவர் பிளக்குது,” என்று ஆரபியின் குரல் கேட்டது. கூடை இன்னும் ஒரு விரற்கடை முன்னால் தள்ளியது. கட்டிய கம்பி கிண்ணென்றது.

பயம் வந்தது. அதற்கும் முன்னால் கோபம் வந்தது. செத்தும் விடானா? சிவரூபன் குழியிலிருந்து பாய்ந்து ஏறினான். “வெளியிலை போ,” என்று ஆரபியை முற்றத்துக்குத் தள்ளினான். அரிசி வாளிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினான். மறுபடியும் குழிக்குள் குதித்தான்.

“இந்தா. இதுதானே உனக்கு வேணும். தின்.”

வலைக்கண்ணுக்குள் கையை நுழைத்தான். மணிக்கட்டு வரைக்கும் போனது.

உள்ளே கல்லின் குளிர் இல்லை. சூடு. ஈரச் சூடு.

விரல்களை விரித்தான்.

ஏதோ ஒன்று உள்ளங்கையைத் தடவியது. மெதுவாக. ஓர் அரிசியை எடுத்தது. பிறகு இன்னொன்றை. அவசரமே இல்லை. விரலிடுக்கில் ஒட்டியதைக்கூடத் துழாவி எடுத்தது.

கூடை அசையவில்லை. மேலே சுவரின் முனகல் நின்றிருந்தது.

அரிசி முடிந்தது.

கையை இழுத்தான். வரவில்லை.

“அண்ணை,” என்றான். பதினொரு வருடத்தில் முதல் தடவை. “அண்ணை, விடு.”

சுண்டுவிரலின் மேலும் கீழும் பற்கள் வந்து பொருந்தின. கடிக்கவில்லை. பிடித்திருந்தன.

அவன் பார்த்துக்கொண்டிருக்கவே, மற்ற நான்கு கூடைகளிலும், ஒவ்வொரு கல் உள்ளே போக, நாலு விரல் அகலத்துக்குப் பொந்துகள் திறந்துகொண்டன.