கவி கை வைத்த மாவு

வாழைப்பழத்தின் மேல் ஒரு ஈகூட இல்லை என்பதுதான் சீனுவுக்கு முதலில் உறுத்தியது.

அடுப்பு மேடையில் கறுத்துக் கனிந்த அரை சீப்புப் பழம் அந்த வாரம் முழுக்க அநாதையாகக் கிடந்தது. எள்ளைவிடச் சின்னதாக, சிவப்புக் கண்ணோடு இருந்த அந்தப் பொடி ஈக்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த கிரைண்டரைத்தான் சுற்றின. கையை வீசினால் ஈ என்பது திசைக்கொன்றாகச் சிதற வேண்டும், அதுதான் முறை. இவை சேர்ந்தாற்போல் எழுந்து, ஒரு சாண் உயரத்தில் காத்திருந்து, சேர்ந்தாற்போல் இறங்கி, டிரம்மின் விளிம்பில் வட்டமாக உட்கார்ந்தன. எல்லாமே உள்பக்கம் பார்த்து. மேனேஜர் வருவதற்கு முன் மீட்டிங் அறையில் உட்கார்ந்திருக்கும் டீமைப் போல.

கிரைண்டர் சீனுவுடையது. அவன் அம்மா ஆரணியிலிருந்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது. வைட்ஃபீல்டில் அந்த இரண்டு ரூம் வீட்டை அவனோடு பங்கு போட்டிருந்த கவியரசன் சமையலறைக்கு என்று கொண்டுவந்தது ஒன்றே ஒன்றுதான்: அவனுடைய வலது கை.

பெங்களூர்க் குளிரில் மாவு புளிக்காது. சீனு கலக்கி வைத்த மாவு ராத்திரி எப்படி இருந்ததோ அப்படியே காலையிலும் சுண்ணாம்பு மாதிரி கிடக்கும். கம்பளி போர்த்திப் பார்த்தான். ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் மேல் வைத்துப் பார்த்தான். ஒருமுறை வெந்நீர் விட்ட பாத்ரூமில் பூட்டி வைத்துவிட்டு, குளிக்காமல் ஆபீஸ் போனான். பலனில்லை. கவி மட்டும் உப்பைப் போட்டு மணிக்கட்டு முங்கக் கையை விட்டு நாலு சுற்றுச் சுற்றினால் போதும், விடிந்ததும் மூடி தரையில் கிடக்கும். கை ராசி என்றார்கள். அவன் தொட்டதெல்லாம் அப்படித்தான் பொங்கியது. அப்ரைசலில் ரேட்டிங் பொங்கியது. தலைமுடிகூட பொங்கித்தான் நின்றது. சீனுவுக்கு முன்நெற்றி மட்டும்தான் பெரிதாகிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சங்கமித்ராவைத்தான் சகிக்க முடியவில்லை.

மித்ராவுக்கும் அவர்கள் இருவருக்கும் ஒரே ஆபீஸ். பெங்களூரிலேயே வளர்ந்தவள், பேச்சில் கன்னடம் கலக்கும். அப்பா அம்மா ஜீவனஹள்ளியில். அதே ஊர்தான் என்றாலும், டிராஃபிக்கில் போய் வருவதற்குள் கல்யாண வயது தாண்டிவிடும் என்று எதிர்க் கட்டடத்தில் பிஜி விடுதியில் தங்கியிருந்தாள். ஞாயிறு தவறாமல் தட்டோடு வருவாள்.

"கவி, உன் கையில என்னதான் வெச்சிருக்கே? எங்கம்மா அடுப்பு பக்கத்துல வெச்சாக்கூட இப்படி பொங்காது."

"கிரைண்டர் என்னுது," என்றான் சீனு.

"ஆமா, கிரைண்டரும் நல்லாத்தான் இருக்கு."

மாப்பிள்ளையைப் பார்க்க வந்த இடத்தில் கார் டிரைவரைப் பாராட்டுவதுபோல் சொன்னாள். பிறகு தட்டின் மேல் ஒரு ஈ இறங்கவும் முகம் சுளித்தாள்.

"இதுக்கு ஏதாவது பண்ணுங்கப்பா. வர ஞாயிறு அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரேன். கவி தோசை கவி தோசைன்னு நானே சொல்லி வெச்சிருக்கேன். சீனு, கிரைண்டர் உன்னுதுன்னா ஈயும் உன்னுதுதானே?"

சொல்லும்போது கவியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று சீனுவுக்குத் தெரியும். தன்னைப் பார்த்து வர வேண்டும் என்று அவன் இரண்டு வருஷமாகக் காத்திருந்த பார்வை அது.

ஈயை ஒழிக்கும் வேலையாவது தனக்கென்று கிடைத்ததே என்று அதில் இறங்கினான். டிரம்மைக் கழற்றி அடியில் காய்ந்திருந்த மாவைச் சுரண்டினான். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினான். சூடம் கொளுத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பூஜை என்று நினைத்து பிரசாதம் கேட்டார்கள். டம்ளரில் வினிகர் விட்டு, பாத்திரம் கழுவும் சோப்பை இரண்டு சொட்டு கலந்து, பிளாஸ்டிக் தாளால் மூடி ஊசியால் துளை போட்டு வைத்தான். ஊரே இதைத்தான் செய்யச் சொல்கிறது.

காலையில் வினிகர் டம்ளரில் ஒரு ஈகூட விழவில்லை. பக்கத்தில் கவி காபி குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த டம்ளரின் விளிம்பு மட்டும் ஈ மொய்த்து, மீசை முளைத்ததுபோல் கறுத்திருந்தது.

சீனு வெகுநேரம் நின்று பார்த்தான். ஈக்கும் கவிதான் வேண்டியிருக்கிறது. அருவருப்பு வந்திருக்க வேண்டும். வந்தது வயிற்றெரிச்சல்.

அதற்குப் பிறகு சில விஷயங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. கவி தூங்கும்போது வலது கையைக் கட்டிலுக்கு வெளியே, ஒரு பக்கெட் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தான். டைப் அடித்து அடித்து வலி என்று எப்போதோ சொன்னது உண்மை. ஆனால் விடிகாலையில் அந்தத் தண்ணீர் வெள்ளையாக, லேசாக நுரைத்திருந்தது. கழுநீர் வாசனை. அதையும் சீனு பொறாமையோடுதான் பார்த்தான். ராசிக்காரர்களுக்கு ஏதோ பராமரிப்பு முறை இருக்கிறது, நமக்குத்தான் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்து, மாவு அரைத்து முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. கிரைண்டர் நின்றதும் வீடு முழுக்க மழைச் சத்தமும், உளுந்து வாசனையும், அதற்கு அடியில் வேறெங்கோ சோடா பாட்டிலைத் திறந்துவிட்டு மூட மறந்ததுபோல் ஒரு மெல்லிய பொருபொருப்பும் மட்டும் மிச்சமிருந்தன. செல்போன் வெளிச்சத்தில் கவி பாத்திரத்தின் முன் நின்றிருந்தான். சட்டைக் கையை மடித்திருந்தான். மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டாற்போல் ஈக்கள். அவன் விரட்டவில்லை.

"தொந்தரவா இல்லையா மச்சி?"

"பழகிடுச்சு."

"நாளைக்கு அவங்க அப்பா அம்மா வராங்க. உனக்கென்ன, கையை விட்டா போதும்." சீனு சிரிக்க முயன்றான். "அந்தக் கை எனக்கு இருந்துச்சுன்னா…"

கவி திரும்பினான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தூங்கி எத்தனையோ நாளான முகம்.

"வேணுமா?"

"என்னது?"

"வேணுமான்னு கேட்டேன். நீயா வாய்விட்டுக் கேக்கணும். நானும் அப்படித்தான் ஒருத்தன்கிட்ட கேட்டேன், காலேஜ் ஹாஸ்டல்ல."

"குடேன்டா. யாரு வேணாம்னா?"

கவி கையை நீட்டினான். ஆஃபர் லெட்டர் கொடுத்த அன்று ஹெச்ஆர் நீட்டியதுபோல் நேராக. சீனு பிடித்தான். அந்தக் குளிரில் அந்தக் கை அடுப்பிலிருந்து இறக்கியதுபோல் சுட்டது. மெத்தென்று இருந்தது, எலும்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. உள்ளங்கைக்கு அடியில் எதுவோ குமிழ் குமிழாக இடம் மாறியது.

கரண்ட் வந்தபோது சமையலறையில் ஒரு ஈ இல்லை.

கவி குழாயடியில் கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தான். விரல்களை மடக்கினான். நீட்டினான். அழுதான் என்றுதான் தோன்றியது. பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"ஊருக்குப் போறேன் மச்சி. பக்கெட்டை வெச்சுட்டுப் போறேன். தேவைப்படும்."

"நாளைக்கு மித்ரா?"

"உன் தோசையே சாப்பிடட்டும். சாரிடா."

எதற்கு சாரி என்று சீனு கேட்கவில்லை. கேட்டால் கவி மனம் மாறிவிடுவானோ என்று பயம். கதவைத் தாழ்போட்டுவிட்டு ஓடி வந்து, உப்பைப் போட்டு, மணிக்கட்டு முங்கக் கையை விட்டான். மாவு கதகதவென்று விரல்களைச் சூழ்ந்தது. இழுத்தாற்போல்கூட இருந்தது.

ராத்திரி அந்தப் பொருபொருப்பு நிற்கவில்லை. சமையலறையில் போய்க் காது வைத்தான். பாத்திரத்தில் சத்தமில்லை. திரும்பி வந்து படுத்தான். போர்வைக்குள்தான் கேட்டது.

பக்கெட்டைக் கட்டிலருகே இழுத்துக்கொண்டான்.

காலையில் மூடி தரையில் கிடந்தது. பாத்திரத்தின் கழுத்தெல்லாம் மாவு வழிந்து, மேடையில் இறங்கி, வாழைப்பழத்தையே மூடியிருந்தது. சீனு சிரித்தான். தனியாக நின்று சத்தமாகச் சிரித்தான். வலது கை தோள்வரை கனத்தது. பார்க்கவில்லை. ஒரு துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டான்.

"என்ன ஆச்சு கைக்கு?" என்றாள் மித்ரா வாசலில்.

"ஆவி அடிச்சிடுச்சு."

"கவி எங்கே? ஊருக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே." முகம் வாடியது. உடனே சமாளித்துக்கொண்டாள். "பரவால்லையே சீனு, ஒரு ஈ காணோம்."

"போயிடுச்சு."

அப்பா வெங்கடசாமி ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மா சந்திரம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். சீனு இடது கையாலேயே சுட்டான். ஒவ்வொரு தோசையும் பூப்போல் வந்தது. மேலெல்லாம் நுண்ணிய துளைகள்.

"கை ராசிக்காரரப்பா நீங்க," என்றார் வெங்கடசாமி.

"எங்க வீட்டு மாவையும் நீங்களே வந்து கலக்கிடுங்க தம்பி," என்றார் சந்திரம்மா.

இரண்டு வருஷம். இந்த ஒரு வார்த்தைக்கு. சீனு மித்ராவைப் பார்த்தான். அவள் மெல்ல மென்றுகொண்டிருந்தாள். யோசித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. சும்னே சொல்லக் கூடாது." தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "ஆனா கவி சுட்டா இன்னும் கொஞ்சம் புளிப்பு இருக்கும்ல?"

துண்டுக்குள் பொருபொருப்பு எழுந்தது.

"இருக்கு," என்றான் சீனு. "இரு. இன்னொண்ணு கொண்டு வரேன்."

சமையலறை. பாத்திரத்தில் மாவு இருந்தது. கரண்டியும் இருந்தது. இரண்டையும் தள்ளி வைத்தான்.

துண்டைப் பிரித்தான்.

வெள்ளை. ரேகை இல்லை. நகம் எங்கோ உள்ளே போயிருந்தது. ஒரு விரலால் அழுத்தினான். பள்ளம் விழுந்தது. மெல்ல நிரம்பியது. புளித்த வாசனை, கவியுடையதைவிடக் காட்டமாக. அவனுக்குப் பெருமையாக இருந்தது.

கல்லுக்கு மேல் நீட்டினான்.

வலிக்கவில்லை. சொட்டியது. சுரீர் என்றது. இன்னொரு சொட்டு. பிறகு தாரையாக.

"சீனு, ஆயித்தா?" ஹாலிலிருந்து மித்ரா.

"ஆச்சு."

கல்லில் தோசை தானாகவே வட்டமாகப் பரவியது. நடுவிலிருந்து விளிம்பு வரை துளை துளையாகத் திறந்தது. ஒவ்வொரு துளையிலும் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

எல்லாமே ஹால் பக்கம் பார்த்து.